பாட்டனார் வைத்த நிதி

போடிநாயக்கனூர் ஸ்ரீநிவாஸப் பெருமாள் ஸந்நிதியில் திருநாள் காலங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். குரங்கணியிலிருந்தோ, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களிலிருந்தோ ஜீப்பில் இறங்கி வந்த முதியவர் ஒருவர், நெரிசலின் நடுவே தம் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார். திரை விலகித் தீபாராதனை ஆகும். பிள்ளையின் கண்ணுக்குப் பெருமாள் தெரிவார். முதியவரின் கண்ணுக்கோ முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். “சாமி தெரியுதாடா, நல்லாத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். “தெரியுது தாத்தா” என்று பிள்ளை சொன்னவுடன், தாமே ஸேவித்துவிட்டதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வார். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைக்கு அன்றைய சாத்துப்படியும் மாலையும் நினைவில் இரா. அந்தத் தோள் நினைவில் இருக்கும்.

இத்தகைய முதியவர் மறைந்தால், “குடும்பத்துக்கும் ஊருக்கும் உழைத்தவர்” என்று தெருச்சுவரில் அச்சிட்டு ஒட்டுகிறார்கள். வழக்கமான வாசகந்தான், ஆயினும் இவ்வூரில் பலருக்கு அது பொய்யில்லாமல் பொருந்தும். கால்நடையாக மலையேறித் தோட்டம் உண்டாக்கியவர்கள், கூலிக்குக் காய் எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், அந்தச் சிறு வருவாயிலும் ஒரு பங்கைத் தண்ணீர்ப் பந்தலுக்கும் திருப்பணிக்கும் ஒதுக்கி வைத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களை எண்ணி உருகும் பேரன்மார்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசகத்தைச் சற்று நின்று படித்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன.

ஊருக்கு உழைத்த நேரமெல்லாம் வீட்டுக்குக் குறைந்த நேரமல்லவா என்பது ஒன்று. ஊருக்கு உபகாரியான பெரியவரின் வீட்டார் சிலர், தனித்திருக்கும்போது இதை வருத்தத்தோடு சொல்வதுண்டு. மற்றொன்று இதைவிடக் கடினமானது. பாட்டனார் செய்த நன்மை பாட்டனாருடையது. பேரனுக்கு அதில் என்ன பாத்யதை? செய்தவனே பயனை அனுபவிக்கிறான் என்பது சாஸ்திரங்களின் பொதுவான தீர்ப்பு. ஒருவன் உண்டால் மற்றவன் பசி தீராது. அப்படியிருக்க, “இன்னாருடைய பேரன்” என்று சொல்லிக்கொள்வதில் பெருமை தவிரப் பொருள் ஏதேனும் உண்டா?

ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையில் இவ்விரண்டு கேள்விகளும் ஒரே குடும்பத்தின் கதையில் வந்து சந்திக்கின்றன. நம்மாழ்வாருக்குப் பின்வரும் ஆசார்யர் வரிசை ஒரு பாட்டனாரை முதலாகக் கொண்டது. அவருடைய பேரனார் அருளிச்செய்த ஸ்தோத்திரமோ அப்பாட்டனாரை வணங்கித் தொடங்கி, அவரைச் சொல்லியே முடிகிறது. பாட்டனார் ஸ்ரீமந் நாதமுனிகள், பேரனார் ஆளவந்தார்.

கடலூர் மாவட்டத்தில் இன்று காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் வீரநாராயணபுரம் நாதமுனிகளின் திருவவதார ஸ்தலம். முதற் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரியின் கரையில் அவ்வூர் இருக்கிறது. சென்னை நகரம் 2004 முதல் குழாய் வழியாகக் குடிநீர் பெற்று வருவது அந்த ஏரியிலிருந்துதான். நாதமுனிகள் ஒன்பதாம் நூற்றாண்டில் அவதரித்தவர் என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. அவர் குடும்பத்தைத் துறந்து தனியே தவம் செய்யப் போனவரல்லர். தந்தையையும் மகனையும் குடும்பத்தார் அனைவரையும் உடனழைத்துக்கொண்டே வடநாட்டு யாத்திரை சென்றார். கோவர்த்தனத்தில் யமுனைக் கரையில் பெருமாளுக்குத் தொண்டு செய்து தங்கியிருந்தார். ஊர்ப் பெருமாளான மன்னனார் கனவில் வந்து அழைக்க, எல்லோருமாகத் திரும்பி வந்தனர். இந்த யாத்திரையின் நினைவாகவே பின்னாளில் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயர் அமைந்தது.

பிறகு நடந்தது ஸேவார்த்திகள் பலரும் அறிந்ததே. வெளியூர் யாத்ரீகர் சிலர் மன்னனார் ஸந்நிதியில் திருக்குடந்தைப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். ஆயிரத்துள் இப்பத்து என்று அப்பாசுரங்களே சொல்வதைக் கேட்ட நாதமுனிகள், மற்றவை எங்கே என்று வினவினார். தங்களுக்குத் தெரிந்தவை இவ்வளவே என்றனர் அவர்கள். அந்தக் காதில் எத்தனையோ பேர் பாடக் கேட்டிருப்பார்கள். அத்தனை பேரும் பத்தோடு மனநிறைவு அடைந்து வீடு திரும்பியிருப்பார்கள். இவருக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. குடந்தைக்குப் போனார்; அங்கும் கிட்டாமல் திருக்குருகூருக்குப் போனார். மதுரகவிகளின் சிஷ்ய வரிசையில் வந்த பராங்குசதாஸரை அடைந்து, கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தார். ஆயிரம் தேடிப் போனவருக்கு நாலாயிரமும் கிடைத்தன என்று குருபரம்பரை கூறும்.

இனி அவர் செய்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். கிடைத்த நிதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தம் ஸஹோதரியின் குமாரர்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்ற மருமக்கள் இருவரையும் அமர்த்திக்கொண்டு, பாசுரங்களுக்குப் பண்ணும் தாளமும் அமைத்து, அவர்களைப் பாட வைத்தார். இன்றும் ஸ்ரீரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடைபெறும் அரையர் ஸேவைக்கு இதுவே மூலம் என்பர். மார்கழியில் இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று அரையரின் தாளத்தைக் கேட்டவர்கள், ஒரு மாமன் தம் மருமக்களுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடத்தின் தொடர்ச்சியைக் கேட்டிருக்கிறார்கள். ஊர்த்தொண்டு குடும்பத்திலிருந்து திருடப்பட்டது என்ற எண்ணம் இங்கே இடம் பெறவே இல்லை. தொண்டு செய்யும் முதற் கைகள் குடும்பத்தின் கைகளாகவே இருந்தன. வீட்டாரைத் திண்ணையில் காத்திருக்க விட்டுத் தான்மட்டும் ஊருக்கு உழைக்கிறவனுக்கும், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு உழைக்கிறவனுக்கும் வேறுபாடு பெரிது.

நாதமுனிகளிடம் மற்றொரு நிதியும் இருந்தது, அது யோகம். அவருடைய சிஷ்யர்களில் குருகைக்காவலப்பன் யோகத்தை விரும்பிப் பெற்றார். உய்யக்கொண்டாரிடம், உமக்கு எது வேண்டும் என்று ஆசார்யர் கேட்டபோது, வீட்டில் பிணம் கிடக்கும்போது கல்யாணம் கொண்டாடுவார் உண்டா என்ற கருத்துப்பட அவர் விடை சொன்னார். உலகத்து ஆத்மாக்கள் அறியாமையில் மாண்டு கிடக்கும்போது, தனியே அமர்ந்து பகவானை அநுபவிக்கும் இன்பம் தமக்கு வேண்டாம் என்பது அவர் உள்ளம். அந்த விடையைக் கேட்டு நாதமுனிகள் மிகவும் உகந்து, அருளிச்செயலையும் அதன் பொருளையும் அவரிடம் ஒப்படைத்தார். தம் மகன் ஈச்வரமுனிகளுக்கு ஒரு குமாரன் பிறக்கப்போகிறான், அவனிடம் இந்த நிதி சேர வேண்டும் என்றும் நியமித்துப் பரமபதம் எழுந்தருளினார். அப்போது பேரன் பிறக்கவில்லை என்றே குருபரம்பரை சொல்லும். அதாவது, பாட்டனாரைப் பற்றி இவ்வளவு உருகிப் பாடிய பேரன், அவர் தோளில் ஏறிப் பெருமாளைக் கண்டவனல்லன். அவர் முகத்தையே கண்டவனல்லன்.

தன் பேரனுக்குச் சேர வேண்டிய செல்வத்தை எவரும் தன் மகனிடமே கொடுத்து வைப்பர். அதுதான் உலக வழக்கம். நாதமுனிகளோ, மகன் இருக்கவே, உறவல்லாத ஒரு சிஷ்யனிடம் கொடுத்து வைத்தார். உய்யக்கொண்டார் தம் காலத்தில் அதைத் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் ஒப்படைத்தார். பிறப்பு வழியில் எண்ணினால் நாதமுனிகளுக்கு ஆளவந்தார் மூன்றாமவர். கல்வி வழியில் எண்ணினால் நான்காமவர். ஒரு படி அதிகம். அந்த நீண்ட வழியேதான் நிதி வந்து சேர்ந்தது.

யமுனைத்துறைவர் இளமையிலேயே பெரிய வித்வானானார். அரசவையில் ஆக்கியாழ்வான் என்னும் செருக்குற்ற பண்டிதனை வாதத்தில் வென்றார். அரசபத்தினி ஆளவந்தார் என்று பெயர் சூட்ட, அரசன் பாதி ராஜ்யம் கொடுத்தான். அவரும் அரண்மனை போகங்களில் அமர்ந்துவிட்டார். பாட்டனார் பெயர் அங்கே எவருக்கும் நினைவில்லை. ரத்தத்தில் வருவதாகச் சொல்லப்படும் நற்குணம், பேரனை அந்த இருக்கையிலிருந்து எழுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுப்பியவர் வெளியார். மணக்கால் நம்பி அரண்மனைக்குள் புக வழியில்லாமல், ஆளவந்தார் விரும்பி உண்ணும் தூதுவளைக் கீரையைத் தினந்தோறும் பறித்து மடைப்பள்ளியில் சேர்த்து வந்தார். ஆறு மாதம் இப்படிக் கழிந்தது. முள் நிறைந்த கொடி அது. மலையடிவாரத்து வேலிகளில் அதைப் பறித்தவர்களுக்கு, ஆறு மாதம் பறித்த விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும். ஒருநாள் கீரை வருவது நின்றது. ஆளவந்தார் விசாரித்தார், முதியவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததை அறிந்து, அவரை அழைத்து, பொருள் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்டார். “உம்மிடம் பெற ஒன்றுமில்லை. உம்முடைய பாட்டனார் வைத்துப்போன நிதி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்கவே வந்தேன், தடையின்றி வந்துபோக உத்தரவானால் போதும்” என்ற கருத்தை நம்பி விண்ணப்பித்தார். நிதி என்றதும் மன்னர் மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை! நம்பி கீதையின் பொருளை நாள்தோறும் சொல்லி, மனம் கனிந்த பின்னர் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஏழு மதில்களுக்குள் கண்வளரும் பெரிய பெருமாளைக் காட்டி, இதுவே உம் பாட்டனார் தேடி வைத்த நிதி என்றார். ஆளவந்தார் அரசைத் துறந்தார்.

நாதமுனிகள் ஊருக்கென்று கொடுத்தது, ஊரார் இருவர் கை மாறி, வழி தவறிய பேரனைத் தேடிக்கொண்டு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டது. வீட்டுக்குள் வைத்திருந்தால் மற்றச் செல்வங்களோடு அதுவும் பரணில் கிடந்திருக்கக்கூடும்.

யோகம் என்ன ஆயிற்று? அந்தக் கதையையும் பெரியோர்கள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளவந்தார் அதைப் பெறக் குருகைக்காவலப்பனிடம் சென்றார். அப்பன் யோகத்தில் ஆழ்ந்திருக்க, சுவருக்குப் பின்னால் ஓசையின்றி நின்றார். திடீரென்று அப்பன் கண் விழித்து, இங்கே சொட்டைக்குலத்தார் எவரேனும் உண்டோ என்றார். அது நாதமுனிகளின் குலப்பெயர். எப்படித் தெரிந்தது என்று கேட்க, தாமும் எம்பெருமானும் அநுபவத்தில் இருக்கும்போது, அவன் தம் கழுத்தை வளைத்துத் தோளுக்குப் பின்னே எட்டிப் பார்த்தான் என்றும், பெரிய பிராட்டியாரோடு கலந்திருந்தாலும் முகம் திருப்பாதவன் அப்படிப் பார்த்தால் அது சொட்டைக்குலத்தாருக்காகவே இருக்கும் என்றும் அப்பன் சொன்னாராம். பிறகு, யோக ரஹஸ்யத்தைச் சொல்ல ஒரு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்து அனுப்பினார்.

அந்த நாள் வருவதற்குள் ஸ்ரீரங்கத்தில் அரையர் திருவனந்தபுரத்துப் பாசுரத்தை அபிநயத்துடன் பாட, அதில் உள்ளம் பறிகொடுத்த ஆளவந்தார் உடனே திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். குறித்த நாள் கைதப்பிப் போனது. யோகம் அவருக்குக் கிட்டவில்லை. பாட்டனார் ஊர் அறியக் கொடுத்த பாட்டு, பாட்டனார் ஒருவரிடம் மட்டும் வைத்த ரஹஸ்யத்தைப் பேரன் மறக்கும்படி செய்துவிட்டது. நாதமுனிகள் இயற்றிய ந்யாயதத்த்வம், யோகரஹஸ்யம் என்ற நூல்களும் இன்று இல்லை; ந்யாயதத்த்வம் பிற்கால ஆசார்யர்கள் எடுத்துக் காட்டிய பகுதிகளால் மட்டுமே அறியப்படுகிறது. வித்வான்களுக்கென்று எழுதியது மறைந்தது. எல்லோருக்குமாகத் தேடிக் கொடுத்தது, கிராமத்துப் பெருமாள் கோயில்களில்கூட மார்கழி விடியலில் ஒலிக்கிறது. இதை விதி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் கொடுத்த பொருள் நிற்பதும், வைத்த பொருள் அழிவதும் உலகில் திரும்பத் திரும்பக் காணப்படுவதால், விதி என்ற ஒரு சொல்லோடு மனம் அமைதி கொள்ளவில்லை.

இனி, இரண்டாவது கேள்வி. ஆளவந்தாரின் ஸ்தோத்ரரத்னம் அறுபத்தைந்து சுலோகங்கள் கொண்டது. முதல் மூன்று சுலோகங்கள் நாதமுனிகளுக்கு வணக்கம். நடுவே சரணாகதியின் ஆழமெல்லாம் பேசப்படுகிறது. கடைசிச் சுலோகத்தில், தம்முடைய நடத்தையை எண்ண வேண்டாம், பாட்டனாரான நாதமுனிகளை நோக்கித் தமக்கு அருள வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டுகிறார். வேதாந்தத்தின் கரை கண்டவர், அவரவர் வினை அவரவர்க்கு என்பதை அறியாதவரா? பெரியவாச்சான் பிள்ளையும் வேதாந்த தேசிகரும் உரை எழுதிய இந்த ஸ்தோத்திரத்தின் முடிவில், தத்துவ ஞானி ஒருவர், ஊருக்குப் புதியவன் பெரிய மனிதரின் பேரன் என்று சொல்லி உள்ளே நுழைவதைப்போல் நுழைய முயல்கிறாரே!

இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். பாட்டன் பெயரைச் சொல்வது இரண்டு வகை. என் பாட்டன் இன்னான், ஆகவே எனக்கு முதல் மரியாதை வேண்டும் என்பது ஒரு வகை. திருவிழாக்களில் பரிவட்டமும் தீர்த்தமும் முந்தி யாருக்கு என்ற வழக்கில், தேரை நிறுத்தி வைத்துவிட்டுத் தாத்தா பெயரைச் சொல்லிச் சண்டையிடுகிறவர்களைத் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் காணலாம். அந்தத் தாத்தா வடம் பிடித்தவராக இருப்பார். பேரன் வடத்தைத் தொடுவதே இல்லை. என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஆகவே அவரைப் பார்த்து என்னைப் பொறுத்தருள வேண்டும் என்பது மற்றொரு வகை. முன்னது உரிமை கொண்டாடுதல். பின்னது உரிமை ஏதும் இல்லை என்று கையை விரித்தல். ஆளவந்தார் பாட்டனாரின் புண்ணியத்தைத் தம் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. தம் கணக்குப் புத்தகத்தை மூடிவிடச் சொல்கிறார். கர்ம நியமம் கூலியைப் பற்றியது. அவர் கேட்டது கூலியன்று. சிங்கம் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தாவும்போது, அதன் உடலில் ஒட்டிய சிற்றுயிர்களும் தாவிவிடுகின்றன என்று பெரியோர் வழங்கும் உவமை ஒன்று உண்டு. அச்சிற்றுயிர் தாவியதாகச் சொல்லிக்கொள்ளாது.

மேலும், அப்படிக் கேட்கும் தகுதியும் சும்மா வந்ததன்று. பாட்டனார் தேடித் தந்த அருளிச்செயலைத் தாமும் ஏந்தி, தம் சிஷ்யர்களான பெரிய நம்பி முதலானோரிடம் கொடுத்துவிட்டே ஆளவந்தார் அப்படி நிற்கிறார். பெரிய நம்பி காஞ்சியில் ஸ்தோத்ரரத்னத்தை அநுஸந்திக்க, அது காதில் விழுந்து இளையாழ்வாராகிய ராமாநுஜர் ஆளவந்தாரை நாடிப் புறப்பட்டார் என்பது வரலாறு. தாத்தாவை நினைத்து ஒரு பேரன் பாடியது, அவர்கள் இருவருக்கும் உறவல்லாத ஒருவரை அழைத்து வந்தது.

பாட்டனார் என்றவுடன் பாரதத்துப் பீஷ்ம பிதாமஹரும் நினைவுக்கு வருவார். பிள்ளையில்லாத அவரைக் குருகுலம் முழுவதும் பாட்டனாராகக் கொண்டாடிற்று. குடும்பத்தின் சிங்காதனத்தைக் காப்பது என்ற விரதத்துக்காகத் தம் வாழ்வையே கொடுத்தவர். ஆயினும் சபையில் திரௌபதி நியாயம் கேட்டபோது, தர்மம் நுட்பமானது என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. குடும்பம் ஒன்றையே காத்த பாட்டனாரால் குடும்பத்தையும் காக்க முடியவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. பாரதமே இதை மறைக்காமல் சொல்வதால் சொல்ல நேர்ந்தது. சிங்காதனக் கடமையிலிருந்து விடுபட்டு அம்புப் படுக்கையில் கிடந்தபோதுதான், தருமபுத்திரனுக்கு ராஜதர்மம் முதலாக அனைத்தையும் உபதேசித்து, அநுசாஸன பர்வத்தில் ஸஹஸ்ரநாமத்தையும் அருளினார். பெருமாள் கோயில்தோறும் பக்தர்கள் கூடிச் சொல்லும் விஷ்ணு ஸஹஸ்ரநாமம், ஒரு தாத்தா தம் பேரனுக்குக் கொடுத்து, பேரன் வழியாக உலகத்துக்கு வந்தது. பீஷ்மர் காத்த சிங்காதனம் எங்கே என்று இன்று கேட்பார் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலும் தேனி மாவட்டமெங்கும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு வெள்ளைக்காரரின் படம் மாட்டப்பட்டிருப்பதை யாத்ரீகர்கள் கண்டிருப்பார்கள். 1895-ல் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுயிக் அவர். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் தமிழக அரசு மணிமண்டபமும் திறந்தது. தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன், என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொற்பொருளின்படி பார்த்தால், குலமும் நாடும் மதமும் வேறான ஒருவருக்கு இப்பள்ளத்தாக்கில் பேரன்மார் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். நிலத்துக்கு வந்த தண்ணீர் ஏற்படுத்திய உறவு அது.

ஏலமலைச் சரிவில் தோட்டம் வைத்தவர்களுக்கு இவை புதிய செய்திகளாக இரா. ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டிலேயே காய் தரத் தொடங்கும். ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்துக்கு அனுப்பினால், நட்டவனே பணத்தைக் கண்ணால் காணலாம். ஆனால் அந்தச் செடிக்கு வெயில் ஆகாது. தலைக்கு மேல் பெருமரத்தின் நிழல் வேண்டும். பலாவும் காட்டு மரங்களும் அப்படி நிழல் தருமளவு ஓங்கி வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாட்டன் வெட்டாமல் விட்ட மரத்தின் கீழேதான் பேரன் காய் எடுக்கிறான். அதிகம் காய்க்கிறது என்று புது ரகங்கள் வந்தபின், வெளிச்சம் வேண்டி நிழலைக் குறைத்த தோட்டங்கள் பல. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பெருமளவில் கருகியபோது, தலைக்கு மேலே மரம் நின்ற தோட்டக்காரர் பலர் அதை விட்டுவைத்த தாத்தாவை நினைத்திருப்பார்கள். அந்த மரம் அவர் பேரனுக்கென்று மட்டும் நிழல் தரவில்லை. அடுத்த தோட்டத்தின் ஓரத்து வரிசைக்கும், கூடை சுமந்து செல்லும் கூலிப் பெண்ணுக்கும் தந்தது. அந்த ஏலம்தான் பச்சைக் கற்பூரத்தோடு சேர்ந்து பெருமாள் தீர்த்தத்தில் மணக்கிறது. கை நீட்டுகிறவர்களில் யார் யாருடைய பேரன் என்று அர்ச்சகர் கேட்பதில்லை.

பாட்டனாரை முறையாக நினைக்கும் நாள் அமாவாசை. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் மூவரையும் பெயரும் கோத்ரமும் சொல்லி, வஸு, ருத்ர, ஆதித்ய ரூபர்களாக அழைத்து எள்ளும் நீரும் விடுகிறார்கள். இதைவிடக் குடும்பத்துக்கே உரிய கர்மா வேறில்லை. அடுத்த வீட்டாருக்கு அதில் இடமில்லை. பாட்டி வழியாரும் தாய்வழிப் பாட்டனாரும் முறையே வந்து போவார்கள். எல்லாம் முடிந்து, பித்ருக்களை வழியனுப்பியதும், எழுந்துவிடலாம் என்று தோன்றும். அவசரக்காரர் சிலர் எழுந்தும் விடுகிறார்கள். ஆனால் கர்மா முடியவில்லை. பூணூலை மாற்றிக்கொண்டு, கூர்ச்சத்தின் தர்ப்பங்களை அவிழ்த்து, கடைசியாக ஒரு கை நீர் விட வேண்டும். அது, தாய் இல்லாதவர்களுக்கும், தந்தை இல்லாதவர்களுக்கும், தோழரும் உறவினரும் நீர் விட ஒரு பேரனும் இல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் உரியது. பெயரும் கோத்ரமும் தெரியாததால், அதற்குப் பெயரும் கோத்ரமும் சொல்வதில்லை.